ஏழு பேருக்குக் குறைந்தால்

பந்து சுப்ரியாவின் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த முழங்கால் வந்தது.

பெங்களூர் அணியின் முன்கள வீராங்கனை தனியாகப் பந்தோடு ஓடிவந்ததைப் பார்த்து, கோல் கீப்பர் சுப்ரியா முன்னால் பாய்ந்து அவள் காலடியில் விழுந்திருந்தாள். அந்த வேகத்தில் வந்தவளால் நிற்க முடியவில்லை. சுப்ரியாவின் காதுக்குச் சற்று மேலே முழங்கால் இடித்த சத்தம், பின்னால் துரத்திவந்த அனிதாவுக்கே கேட்டது. சுப்ரியா மல்லாந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மடங்கி, வானத்தைப் பார்த்து விறைத்து நின்றன. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

பாரூரில் கரும்பு வெட்டிய காலி நிலத்தில் அண்ணன்களோடு ஆட ஆரம்பித்தவள் அனிதா. இப்போது ஓசூரில் மாதச் சம்பளத்துக்கு ஆடும் இந்தப் பெண்கள் அணிக்குக் கேப்டன். கால் முறிந்து பார்த்திருக்கிறாள், பல் தெறித்துப் பார்த்திருக்கிறாள். ஒருத்தியின் கைகள் அவளுக்கே தெரியாமல் இப்படித் தூக்கி நின்று பார்த்ததில்லை.

"டாக்டர்! டாக்டரக் கூப்புடுங்க!" என்று கத்தினாள்.

டாக்டர் என்று யாரும் இல்லை. கோச் தீர்த்தகிரி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். அதற்குள் கைகள் தொய்ந்து விழுந்து, சுப்ரியா கண்ணைச் சிமிட்டினாள். அவர் அவள் முகத்தில் தண்ணீரை அடித்தார்.

"ஒண்ணுமில்ல, மயக்கம். காலையில சாப்டியா நீ?" என்றவர், அனிதா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கு பீரியட்ஸா?"

"தலையில முட்டி இடிச்சிருக்குது சார். அதுக்கும் இதுக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"சரி, கத்தாத." சுப்ரியாவின் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார். "இது எத்தன?"

"மூணு."

"பாத்தியா? நல்லாத்தான் இருக்கறா. எந்திரி, எந்திரி."

சுப்ரியா எழுந்தாள். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரிகைப் பக்கத்துப் பெண் அவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், மைதானத்தில் எப்போதும் தமிழ்தான் பேசுவாள். அன்றைக்கு அனிதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, தெலுங்கில், மிகவும் மரியாதையாக, நாம் யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டாள். அனிதா சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டாள்.

அனிதா கோட்டோரம் ஓடினாள். "சார், அவள மாத்துங்க. யார் கூட ஆடறோம்னே அவளுக்குத் தெரியல."

"மாத்திட்டு? அந்த ரிசர்வ் கீப்பர் சுவாதிய நிறுத்தினா வரிசையா கோல் வாங்குவா. ஆட்டம் நம்ம கையில இருக்குது. போய் டிஃபன்ஸப் பாரு."

அனிதா போய் டிஃபன்ஸைப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு பந்தையும் சுப்ரியா வரைக்கும் விடக்கூடாது என்று வெறிபிடித்தவள்போல் ஆடினாள். அணி ஜெயித்தது. மேனேஜர் பிரதாப் எல்லோரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். திரும்பும் வேனில் சுப்ரியா வாந்தி எடுத்தாள். அணிக்குக் கோல் அடித்துத் தரும் கருப்பாயி, எப்போதும் யாரோடும் ஒட்டாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள், எழுந்துவந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். முன் இருக்கையிலிருந்து பிரதாப் திரும்பாமலே சொன்னார்: "வெயிலு. இளநி வாங்கிக் குடுங்க."

வீராங்கனைகள் எல்லோரும் பாகலூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தார்கள். அடுத்த நாள் சமையலறையில் குக்கர் விசிலடித்தபோது சுப்ரியா காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. ஜன்னலுக்குத் துப்பட்டாவைக் கட்டித் தொங்கவிட்டாள். போனை எடுத்தால் எழுத்து ஓடுகிறது என்றாள். பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி பிரஷ்ஷைத் தேடினாள்.

அனிதா அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அம்மா சுப்ரியாவை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர் என்று ஆரம்பித்தவள் செப்டம்பரில் நின்றுவிட்டாள்.

"இதுக்குப் பேர் கன்கஷன்" என்றார் டாக்டர். "மூளை உள்ளுக்குள்ள குலுங்கியிருக்கு. ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல, நல்லது. ஆனா ஸ்கேன்ல தெரியலங்கறதால அடி இல்லைன்னு அர்த்தமில்ல. ஓய்வு எடுக்கணும். முழுசா சரியாகி நான் சொல்ற வரைக்கும் கிரவுண்டு பக்கமே போகக்கூடாது. இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா, சின்ன அடியா இருந்தாக்கூட, மூளை வீங்கிடலாம். உயிரே போகலாம். புரியுதாம்மா?"

சுப்ரியா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க இல்லக்கா" என்றாள்.

"அது மட்டுந்தான் உன் காதுல வுழுந்துச்சா?"

"ஞாயித்துக்கிழம மேட்ச் இருக்குதுக்கா."

அதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் அணி தேசிய லீக்குக்குப் போகும். அதோடு, இந்திய முகாமுக்கு ஆள் தேடுகிறவர்கள் அன்றைக்குப் பார்க்க வருகிறார்கள் என்றும், சுப்ரியாவைப் பற்றித்தான் கேட்டார்கள் என்றும் பிரதாப் அவளிடம் சொல்லியிருந்தார். ரோஜாத் தோட்டத்தில் முள் கிழித்த கையோடு கூலி வேலை பார்த்துக்கொண்டே பந்து பிடிக்கக் கற்றவள் அவள். வயது இருபது. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு வேறெதுவும் அவள் காதில் விழவில்லை.

அனிதா டாக்டர் சொன்னதையெல்லாம் போய்ப் பிரதாப்பிடம் சொன்னாள். சிப்காட்டில் இருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலைதான் கிளப்பை நடத்துகிறது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் அவர்தான் மேனேஜர்.

"ஸ்கேன் கிளியர்தானேம்மா" என்றார் பிரதாப்.

"ஸ்கேன்ல தெரியாதுன்னு டாக்டரே சொல்றாங்க சார்."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாளைக்கு எதாவதுன்னா அவங்க மேல வந்துடக் கூடாதில்ல. நானே சுப்ரியாகிட்ட பேசிட்டேன். தலவலி இல்லைன்னு சொல்றா."

"பொய் சொல்றா சார். ரெண்டு மாத்திரையப் போட்டுக்கினு வந்து உங்ககிட்ட சிரிக்கறா."

"பெரிய பொண்ணு அவ. அவளே ஆடறேன்னு சொன்னப்புறம் உனக்கென்ன?"

அனிதா மேஜையை நெருங்கி நின்றாள். "மாதேஷுக்கு அடிபட்டப்ப என்னா பண்ணீங்க சார்?"

ஆண்கள் அணியின் மாதேஷ், போன வருடம் இன்னொருவனோடு தலை மோதிக் கீழே விழுந்தவன். அவன் எழுந்து உட்கார்வதற்குள் கம்பெனிக் கார் மைதானத்துக்குள்ளேயே வந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சரியாகும் வரை பயிற்சிக்குக்கூட வரவேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அது வேற" என்றார் பிரதாப்.

"என்னா வேற?"

"அந்த ஆட்டம் டிவில வந்துச்சும்மா. ஊரே பாத்துச்சு."

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமில்லை. கோபம்கூட இல்லை. கணக்கை விளக்குகிற மாதிரிச் சொன்னார். அனிதாவுக்கு மேஜை மேலிருந்த கண்ணாடிக் கோப்பையை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று வெளியே வந்த பிறகு தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரில் சுப்ரியா இருந்தாள்.

உடைமாற்றும் அறையில் அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். நிமிரும்போது சுவரில் கை ஊன்றினாள். அனிதா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"சுப்ரியா, நீயா போய்ச் சொல்லு. ஆடலைன்னு சொல்லு. நான் கூட வரேன்."

"என்னா வேணும்க்கா உனக்கு?" அறையில் எல்லோரும் கேட்கும்படி வந்தது அவள் குரல். "உனக்கு வயசாயிடுச்சு. உன்ன எந்தக் காலத்துலயும் இந்தியாவுக்குக் கூப்புடல. இனிமேலும் கூப்புட மாட்டாங்க. அதுக்கு நான் என்னா பண்றது?"

அனிதாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. நிஜம் என்பதால் இன்னும் தைத்தது. ஆனால் முன்பெல்லாம் எறும்பைக்கூடத் திட்டாத பெண் இவள் என்பதும் ஞாபகம் வந்தது. எரிச்சல் வரும், குணம் மாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரெஃப்ரியிடம் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "டீமே அவங்க ஃபிட்டுன்னு சொல்லுது. என் கண்ணு முன்னாடி அடிபட்டாதான் நான் எதாவது பண்ண முடியும்மா" என்றார்.

"அடிபட்டப்புறம் என்னா சார் பண்ணுவீங்க?"

அவர் வாட்சைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் கார்னரிலேயே பந்து உயரமாக வந்தது. மூன்று பேரோடு சேர்ந்து சுப்ரியா எம்பினாள். பந்து இருந்த இடத்துக்கும் அவள் கை போன இடத்துக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தது. யாருடைய தோளோ அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. பந்து வெளியே போனதால் கோல் விழவில்லை. சுப்ரியா தரையில் மண்டியிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கையைத் தட்டி, "ஒண்ணுமில்ல, ஆடுங்க!" என்று கத்தினாள்.

அனிதா கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றினாள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள்.

அவள் அடிபட்டு உட்கார்ந்தாள் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். தீர்த்தகிரி ஓடிவந்தார். "என்னாச்சு? கால்ல பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல சார். சுப்ரியாவ வெளிய எடுங்க. நான் உள்ள போறேன்."

"பைத்தியமா உனக்கு? எந்திரி."

"அவள எடுங்க."

ரெஃப்ரி வந்து மஞ்சள் அட்டையைக் காட்டினார். அனிதா அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "சார், ஒரு டீம்ல எத்தன பேர் இருந்தா ஆட்டம் நடக்கும்?"

"குறைஞ்சது ஏழு பேர்."

ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. அது எல்லா வீராங்கனைகளுக்கும் தெரியும். ரெஃப்ரியின் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் கேட்டாள். இன்னும் நான்கு பேர் வெளியே வரவேண்டும்.

முதலில் லாவண்யா வந்தாள். டிஃபன்ஸில் அனிதாவுக்குப் பக்கத்தில் ஆடுகிறவள். வந்து உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால், சுப்ரியாவோடு ஒரே அறையில் படுக்கும் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குமேல் யாரும் வரவில்லை. தீர்த்தகிரி கூப்பிட்டும் பெஞ்சில் இருந்த மாற்று வீராங்கனைகள் எழவில்லை. களத்தில் ஏழு பேர் நின்றார்கள்.

பிரதாப் அரங்கிலிருந்து இறங்கி வந்திருந்தார். "ஆடுங்க! ஏழு பேர் இருக்கீங்க, ஆடுங்க!" என்று கத்தினார். "உக்காந்திருக்கற நாலு பேரும் நாளைக்கு மூட்டை கட்டிக்கலாம்!"

கோலிலிருந்து சுப்ரியா ஓடிவந்தாள். அனிதாவின் முன்னால் நின்று இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள், லாவண்யா எம்பிப் பிடித்துக்கொண்டாள்.

"என் வாழ்க்கையக் கெடுக்கறியே! நீயெல்லாம் நல்லா இருப்பியா? அங்க உக்காந்துக்கினு இருக்கறாங்க பாரு, என்னப் பாக்க வந்தவங்க! அவங்க முன்னாடியே!" 

 அனிதா அவளைப் பார்க்காமல் களத்தைப் பார்த்தாள். நடுவட்டத்தில் கருப்பாயி பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள். அனிதாவுக்கும் அவளுக்கும் ஆகாது. கேப்டன் பதவி தனக்கு வந்திருக்க வேண்டும் என்று அவள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தொடரில் யாரையும்விட அதிகக் கோல் அடித்தவளும் அவள்தான். பார்க்க வந்தவர்கள் அவளையும் பார்ப்பார்கள்.

கருப்பாயி பந்தை ஓங்கி உதைத்தாள். அது கூரையில்லாத பக்கம் மதில் தாண்டிப் போய்ச் சாலையில் விழுந்தது. பிறகு அவள் நடந்து வந்தாள். பிரதாப்பைத் தாண்டி வந்து, அனிதாவுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒன்னையப் புடிக்காது" என்றாள். "அதுல மாத்தமில்ல. அன்னைக்கி வேன்ல இவ தலைய நாந்தேன் புடிச்சிருந்தேன். கழுத்து நிக்கவே இல்ல, பச்சப்புள்ளைக்கு மாதிரி. எவனும் திரும்பிப் பாக்கல. இவனுகளுக்காண்டி நான் கோல் அடிக்கணுமாக்கும்."

ரெஃப்ரி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணிக்கு வெற்றி என்று அறிவித்தார்கள்.

மறுநாள் ஐந்து பேரையும் கிளப் நீக்கியது. ஒழுக்கக்கேடு என்று செய்தி வந்தது. சுப்ரியாவை அவளுடைய அம்மா சரோஜம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார்.  போகும்போது அனிதாவைப் பார்த்து வீட்டு வாசலில் காறித் துப்பினார்.

அனிதா பாரூருக்குத் திரும்பினாள். அப்பா வெங்கடப்பன் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் மற்றவர்கள் கேட்டார்கள். என்னம்மா, தோற்கிற ஆட்டத்தை விட்டு ஓடிவந்துட்டியாமே என்று சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சுப்ரியாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. நாள் தவறாமல் செய்தாள்.

லீக் நடத்தும் சங்கம் கிருஷ்ணகிரியில் விசாரணைக்குக் கூப்பிட்டது. நீளமான மேஜைக்குப் பின்னால் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரதாப்பும் தீர்த்தகிரியும் ஒரு பக்கம். அனிதாவும் லாவண்யாவும் கருப்பாயியும் இன்னொரு பக்கம். பேச்சு ஆரம்பித்த பிறகு கதவு திறந்தது. சுப்ரியா வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டு, தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கியிருந்தாள். சரோஜம்மாவின் கையைப் பிடித்து நடந்தாள். மெலிந்திருந்தாள்.

பிரதாப் எழுந்து பேசிக்கொண்டிருந்தார். "சார், நாங்க யாரையும் வற்புறுத்தல. அந்தப் பொண்ணே வந்திருக்கா, கேளுங்க. தலவலி இல்ல, ஆடறேன்னு அவதான் சொன்னா."

"ஆமா சார், நாந்தான் சொன்னேன்" என்றாள் சுப்ரியா. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். "யாருகிட்ட கேட்டீங்க? தலையில அடிபட்டவகிட்ட. எனக்கு அன்னிக்கு எங்க வீட்டுக்குப் போற பஸ் எதுன்னு தெரியாது சார். நீங்க நல்லா இருக்கறியான்னு கேட்டீங்க. நான் நல்லா இருக்கறேன்னேன். கால் ஒடஞ்சு கிடக்கறவகிட்ட போய் ஓடறியான்னு கேப்பீங்களா?"

சுப்ரியா தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் என்னால வெளிச்சத்துல நிக்க முடியல. எங்கம்மா தோசை ஊத்தற சத்தம் தாங்கல. அந்த மேட்ச்ல நான் நின்னிருந்தா இன்னொரு அடி விழுந்திருக்கும். டாக்டரம்மா என்கிட்ட மறுபடியும் சொன்னாங்க. இந்தத் தடவ கேட்டுது." அவள் அனிதாவின் பக்கம் திரும்பினாள். "இவங்க மேல எனக்குக் கோவம் இருக்குது. அது போகல. ஆனா இவங்கள நீங்க கேள்வி கேக்கறதுக்கு என்னா இருக்குது? அவங்கள கேளுங்க சார். அங்க உக்காந்திருக்கறாங்க பாருங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், "உணர்ச்சிவசப்படாதம்மா" என்றார்.

"ஏன் சார் படக்கூடாது?" என்றாள் கருப்பாயி.

தீர்ப்பு பின்னால் வந்தது. அனுமதியில்லாமல் களத்தை விட்டு வெளியேறியதற்காக அனிதாவுக்கு ஒரு வருடம் தடை. மற்றவர்களுக்கு எச்சரிக்கை. பிரதாப்புக்குத் தண்டனை இல்லை. கிளப் அவரைப் பெண்கள் அணியிலிருந்து எடுத்து, ஆண்கள் அணியை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னது. சம்பளம் கூடியது என்று கேள்வி. அடுத்த தொடரிலிருந்து எந்த அணியையும் சேராத ஒரு டாக்டர் மைதானத்தில் இருக்க வேண்டும், தலையில் அடிபட்டால் அவர் சொல்வதுதான் முடிவு என்று விதிகளில் புதிதாகச் சேர்த்தார்கள். எதனால் சேர்த்தோம் என்று எங்கும் சொல்லவில்லை.

சுப்ரியா தேறுவதற்கு வெகுநாள் ஆனது. முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு டாக்டர் சரி என்றதும் பந்தைத் தொட்டாள். அடுத்த தொடரில் கிருஷ்ணகிரி அணி அவளை எடுத்துக்கொண்டது. கருப்பாயியும் அங்கே சேர்ந்திருந்தாள். இந்திய முகாமிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. இப்போது சுப்ரியா அனிதாவின் போனை எடுக்கிறாள். சில நாள் நன்றாகப் பேசுவாள், சில நாள் பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும், இரண்டு பேரும் சண்டை போட்டுப் போனை வைத்துவிடுவார்கள்.

கிருஷ்ணகிரி அணியில் சுப்ரியாவின் முதல் ஆட்டத்துக்கு அனிதா வந்திருந்தாள். தடை முடியாததால் கம்பிவேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இரண்டாவது பாதியில் ஒரு கூட்டத்துக்குள் சுப்ரியா எம்பினாள். எவளுடைய முழங்கையோ நெற்றியில் பட்டது. பெரிய அடி இல்லை. சுப்ரியா பந்தைக் கீழே போட்டாள். ரெஃப்ரியைப் பார்த்துத் தானே கையைத் தூக்கினாள். டாக்டர் உள்ளே வந்து கேள்விகள் கேட்டார், கண்ணைப் பார்த்தார், வெளியே வரச் சொன்னார். சுப்ரியா கையுறையைக் கழற்றி அடுத்த கீப்பரிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கோட்டோரம் நின்ற கிருஷ்ணகிரி கோச் பக்கத்திலிருந்தவரிடம் சலித்துக்கொண்டார். "லேசா இடிச்சதுக்கே போயிடறா பாரு. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எல்லாமே பயம்."

அனிதா வேலிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினாள்.

"யோவ்!" என்று கத்தினாள். "வாய மூட்றா! அடிபட்டது அவ தலையா, உன் தலையா? இங்க திரும்பு, உன்னத்தான் சொல்றேன்! திரும்பு!"

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். காவலுக்கு நின்றவர் அனிதாவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவள் கம்பியை விடவில்லை.